ஆல் இன் ஒன் கம்ப்யூட்டர் வாங்கலாமா? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் விற்பதில்லை, கெட்டுப்போனதைச் சரிசெய்வது மட்டும்தான் தொழில். அதனால் நீங்கள் எதை வாங்கினாலும் எனக்குக் கமிஷன் கிடையாது. சீக்கிரம் கெட்டுப்போவதை வாங்கினால் கொஞ்சம் லாபம் உண்டு, அதை மறைப்பானேன். கடைக்கு வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஆல் இன் ஒன் என்றால் உள்ளே என்னதான் இருக்கிறது?

வெளியே பார்த்தால் வெறும் மானிட்டர். சிபியு பெட்டி கிடையாது, பின்னாலிருந்து ஒரே ஒரு ஒயர் சுவருக்குப் போகும். மேசையில் அவ்வளவு சுத்தமாக உட்காருவதைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள்.

முதுகைக் கழற்றினால் உள்ளே இருப்பது லேப்டாப். அதே மெல்லிய மதர்போர்டு, அதே குட்டி ஃபேன், அதே குட்டை ரேம், பெரும்பாலும் லேப்டாப்புக்கென்றே செய்த பிராசசர். கரண்டும் பல மாடல்களில் வெளியே கிடக்கும் கறுப்பு அடாப்டர் வழியாகத்தான் உள்ளே போகிறது. லேப்டாப்பிலிருந்து பேட்டரியைப் பிடுங்கிவிட்டு மிச்சத்தைப் பெரிய திரையின் முதுகில் பொருத்தியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டில் கம்ப்யூட்டர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது மத்திய அரசே லேப்டாப், டேப்லெட்டோடு ஆல் இன் ஒன்னையும் ஒரே பட்டியலில் வைத்தது. சிபியு பெட்டி தனியாக இருக்கும் சாதாரண டவர் கம்ப்யூட்டர் அந்தப் பட்டியலில் இல்லை.

வடிவம் புதிது என்று நினைக்க வேண்டாம். 1984இல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் பெட்டியும் திரையும் ஒன்றானதுதான். 1998இல் வந்த முதல் ஐமேக்கும் அப்படித்தான்.

சுத்தி வளைக்காமல் சொல்லுங்க அண்ணே, வாங்கலாமா வேண்டாமா?

லாட்ஜ் ரிசப்ஷன், கிளினிக் கவுண்டர், துணிக்கடை பில்லிங், தேவாலயப் பங்கு அலுவலகம் மாதிரி நாலு பேர் கண்ணில் படும் இடத்துக்கு, சின்ன வேலைக்கு, நல்ல எர்த்தும் யுபிஎஸ்ஸும் இருந்தால் வாங்கலாம். வயதானவர்கள் வீடியோ கால் பேசவும், பத்திரிகை படிக்கவும் வாங்கலாம். காலேஜ் பிள்ளைக்கென்றால் லேப்டாப். வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக, பத்து வருடம் ஓட வேண்டும் என்றால் டவர் அல்லது மினி பிசி (சின்னப் பெட்டிக் கம்ப்யூட்டர், பின்னால் சொல்கிறேன்).

ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதற்கு நம் மாவட்டத்தின் கரண்ட், மழை, கடல் மூன்றும் காரணம்.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

அந்த நொடியே அணைந்துவிடும். லேப்டாப்பும் ஆல் இன் ஒன்னும் ஏறக்குறைய ஒரே விலையில் கிடைக்கும்போது பலரும் மறந்துபோகும் விஷயம் இதுதான். உள்ளே இருப்பது லேப்டாப் சாமான், லேப்டாப்பின் பேட்டரி மட்டும் இல்லை.

ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே காற்றில் தோவாளையிலிருந்து குலசேகரம் வரை ரப்பர் கிளையும் தென்னை மட்டையும் கம்பியில் விழும். கரண்ட் மணிக்கணக்கில் போவதைவிட, ரெண்டு நொடி போய் உடனே வருவதுதான் அதிகம். ஃபேன் ஒரு சுற்று வேகம் குறைந்து மறுபடி ஓடும், நாம் கவனிக்கக்கூட மாட்டோம். கம்ப்யூட்டருக்கு அது முழு மரணம். பாதி எழுதிய ஃபைல் போகும், அப்டேட் நடந்துகொண்டிருந்தால் விண்டோஸே கிளம்பாமல் நிற்கும். கரண்ட் திரும்பி வரும் நொடியில் வோல்டேஜ் எகிறுவதால் அடாப்டரும் போவதுண்டு.

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படியொரு நிலைக்கு எந்தக் கம்ப்யூட்டரும் தாங்காது. தினசரி ரெண்டு நொடித் துண்டிப்புக்குத்தான் வழி வேண்டும்.

ஆகவே ஆல் இன் ஒன் வாங்கும்போது யுபிஎஸ் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். கணக்குப்படி 84 வாட்-மணி. ஆல் இன் ஒன் 50 வாட் இழுத்தால் ஒன்றரை மணி நேரம் வர வேண்டும் என்று தோன்றும். வராது. வேகமாக இழுக்கும்போது இந்தச் சின்ன பேட்டரி முழுச் சக்தியையும் தருவதில்லை, யுபிஎஸ்ஸும் கொஞ்சம் தின்னும். புதிதில் அரை மணி நேரம் கிடைத்தால் நல்லது. ரெண்டு மூன்று வருடத்தில் அது பத்து நிமிடமாகச் சுருங்கும், அப்போது பேட்டரியை மாற்றியாக வேண்டும். ஃபைலைச் சேமித்து முறைப்படி அணைக்கப் பத்து நிமிடம் போதும்தான்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, தனியாக யுபிஎஸ் எதற்கு?

இன்வெர்ட்டரின் பின்னாலோ பக்கவாட்டிலோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். யுபிஎஸ் என்று ஒரு பக்கம், இக்கோ அல்லது நார்மல் என்று மறுபக்கம் எழுதியிருக்கும். இக்கோவில் இருந்தால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் அதிகம். ஃபேனும் லைட்டும் பொறுத்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் பொறுக்காது. யுபிஎஸ் பக்கம் தள்ளினால் பெரும்பாலான இன்வெர்ட்டர்களில் கம்ப்யூட்டர் அணையாமல் நிற்கும்.

சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்து, கம்ப்யூட்டர் பாயிண்ட்டும் அந்த லைனில் இருந்தால், தனி யுபிஎஸ் இல்லாமலே சமாளிக்கலாம். 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 50 வாட் ஒரு சுமையே அல்ல. ஆனால் பல வீடுகளில் வயரிங் செய்யும்போது லைட், ஃபேனுக்கு மட்டும் இன்வெர்ட்டர் லைன் இழுத்திருப்பார்கள், பிளக் பாயிண்ட் நேரடி லைனில் கிடக்கும். வாங்கும் முன் மெயினை ஒரு தடவை அணைத்து, மேசைப் பக்கத்து பிளக்கில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இடி மின்னலுக்கு ஆல் இன் ஒன் தாங்குமா?

எதுவும் தாங்காது. என் மேசைக்குச் செத்து வருகிறவை அதிகமும் சித்திரைக் கோடை மழையிலும், ஐப்பசி கார்த்திகையில் மதியத்துக்கு மேல் இடிக்கிற மழையிலும்தான் வரும். யுபிஎஸ் இருந்தால் மின்னலைத் தடுக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பக்கத்தில் விழுந்தால் யுபிஎஸ்ஸையும் சேர்த்துக் கொண்டுபோகும். வானம் கறுத்தால் பிளக்கை உருவுவதுதான் வழி. சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

இன்னொன்று பலரும் விடுவது: இன்டர்நெட் கேபிள். கேபிள் டிவிக்காரர் கம்பத்திலிருந்து செம்புக் கம்பி லேன் ஒயரை நேராகக் கம்ப்யூட்டருக்கு இழுத்துக் கொடுத்திருந்தால், பவர் பிளக்கை உருவியும் பயனில்லை, மின்னல் அந்த வழியே வரும். ஃபைபர் கண்ணாடி இழை, அது மின்சாரம் கடத்தாது. ஆனால் ஃபைபர் பெட்டியின் அடாப்டர் கரண்டில்தானே இருக்கிறது! அங்கிருந்து லேன் ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வரலாம். வைஃபையில் பயன்படுத்தினால் இந்தக் கவலை இல்லை. ஆல் இன் ஒன்னில் வைஃபை கூடவே வரும், அந்த வகையில் அது டவரைவிட வசதி.

டவரில் மின்னல் தாக்கி லேன் போர்ட் மட்டும் செத்தால் ஒரு கார்டு போட்டு ஓட்டிவிடலாம். ஆல் இன் ஒன்னில் அப்படிக் கார்டு செருக இடமில்லை. யுஎஸ்பியில் ஒன்றைத் தொங்கவிடுவதுதான் மிச்ச வழி.

பழைய ஓட்டு வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரின் இரும்பைத் தொட்டால் சுர்ரென்று ஒரு அதிர்வு தெரிந்தால், எர்த் இல்லை என்று சந்தேகப்படலாம்.

எங்கள் வீடு குளச்சல் கடற்கரையில். உப்புக்காற்று பாதிக்குமா?

பாதிக்கும். முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காப்பட்டணம் பக்கமிருந்து வருகிற போர்டுகளைத் திறந்தாலே தெரியும். செம்பு இருக்கிற இடமெல்லாம் பச்சை பூத்திருக்கும், ஸ்குரூ தலை துருப்பிடித்துத் திருப்புளிக்கு மசியாது. ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. கடலோரத்தில் அந்தக் காற்றோடு உப்பும் ஈரமும் சேர்ந்து போகின்றன. தூசி உப்போடு சேர்ந்தால் ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும்.

டவரிலும் இதே கதைதான். வித்தியாசம் என்னவென்றால், டவரின் பக்கத் தகட்டை நீங்களே கழற்றி, ஊதிச் சுத்தம் செய்யலாம். ஆல் இன் ஒன்னின் முதுகு பல மாடல்களில் கிளிப்பால் பூட்டியிருக்கும். சிலவற்றில் திரைப்பக்கம் கழற்ற வேண்டும், அங்கே மெல்லிய பட்டைக் கேபிள் ஒன்று இருக்கும், கவனக்குறைவாக இழுத்தால் அறுந்துபோகும். வருடம் ஒருமுறை பழக்கமான ஆளிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

கடல் பார்த்த ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். மாதக்கணக்கில் மூடிவைப்பதைவிட தினமும் கொஞ்ச நேரம் ஓட்டுவது நல்லது, உள்ளே சூடு பரவி ஈரம் காயும். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும்போது மட்டும் திறக்கிற வீட்டுக்கு ஆல் இன் ஒன் வாங்கி வைக்காதீர்கள். ரெண்டு வருடம் கழித்துத் திறக்கும்போது அது கிளம்புமா என்று சொல்ல முடியாது.

கெட்டுப்போனால் எது எவ்வளவுக்கு நிற்கும்?

ரேம், எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பு), ஃபேன், அடாப்டர் போனால் பயமில்லை, லேப்டாப் சாமான்தான், நாகர்கோவிலில் கிடைக்கும். அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், 19க்கு 19, 20க்கு 20. வாட் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் தடிமனும் பார்க்க வேண்டும்.

மதர்போர்டோ டிஸ்பிளேயோ போனால்தான் தலைவலி. டவரில் மதர்போர்டு போனால் மானிட்டர் பிழைத்தது, மானிட்டர் போனால் மதர்போர்டு பிழைத்தது. ஆல் இன் ஒன்னில் ஒன்று போனால் மற்றதும் சேர்ந்து மூலைக்குப் போகிறது. மதர்போர்டு அந்த மாடலுக்கென்றே வெட்டிய வடிவத்தில் இருக்கும், வேறு போர்டு பொருந்தாது. மாடல் விற்பனையை நிறுத்திச் சில வருடம் ஆனபின் புது போர்டு தேடுவது ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுகிற கதை. கழற்றிய பழைய போர்டு எங்காவது கிடைத்தால் உண்டு.

போன வருடம் ஒரு அக்கா தையல் கடையிலிருந்து 24 இஞ்ச் ஆல் இன் ஒன்னை ஆட்டோவில் கொண்டுவந்தார். திரை பளிங்கு மாதிரி இருந்தது, போர்டு செத்திருந்தது. "திரை நல்லாத்தானே இருக்கு தம்பி, இதை டிவியாகவாவது மாத்தித் தாயேன்" என்றார். பேனல் நம்பருக்குப் பொருந்தும் கன்ட்ரோலர் போர்டு வரவழைத்து வெறும் மானிட்டராக மாற்ற முடியும். ஆனால் அலைச்சலும் கூலியும் சேர்ந்தால் புது மானிட்டர் விலைக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. அதைச் சொன்னதும் அவர் முகம் வாடியது இன்னும் நினைவிருக்கிறது.

இதற்காகவே ஒரு விஷயம் பார்த்து வாங்கலாம். சில மாடல்களில் எச்டிஎம்ஐ இன் என்று ஒரு துளை இருக்கும். உள்ளே கம்ப்யூட்டர் கிழடானாலும் வேறு கம்ப்யூட்டரையோ லேப்டாப்பையோ அதில் செருகித் திரையை மட்டும் பயன்படுத்தலாம். எச்டிஎம்ஐ என்று மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் வெளியே படம் அனுப்புகிற துளை, உள்ளே வாங்காது. கடைக்காரரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள். தெரியாது என்று அவர் சொன்னால் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டியில் என்ன பார்க்க வேண்டும்?

வீட்டுக்கு வந்து சரிசெய்வார்களா, நாம் கொண்டுபோக வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. எத்தனை வருடம் என்பது ரெண்டாவது. லேப்டாப்பைப் பையில் போட்டு பஸ் ஏறலாம். ஐந்தாறு கிலோ எடையுள்ள 24 இஞ்ச் திரையைக் கருங்கலிலிருந்து வடசேரி பஸ் ஸ்டாண்டு வரை மடியில் வைத்துப் போய்ப் பாருங்கள், நான் சொல்வது புரியும். வீட்டுக்கு வருகிற வாரண்டி என்றாலும் உங்கள் பின்கோடுக்கு உண்டா என்று கம்பெனியின் இலவச எண்ணிலோ இணையதளத்திலோ நீங்களே கேளுங்கள். கடைக்காரர் "வருவாங்க சார்" என்று சொல்வதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அட்டைப் பெட்டியையும் தெர்மாக்கோலையும் வாரண்டி முடியும் வரை தட்டின்மேல் வைத்திருங்கள். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு, பிறகு போர்வையில் சுற்றி எடுத்துவந்து வழியில் திரை விரிசல் விட்ட கதைகள் உண்டு. விரிசலுக்கு வாரண்டி கிடையாது.

ஓணம் ஆஃபரில் திருவனந்தபுரத்தில் வாங்கலாமா?

வாங்கலாம். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களுக்கு அது பழக்கமான வழிதான். கம்பெனி வாரண்டி மாநில எல்லை பார்க்காது, பில் இருந்தால் போதும். கடை தருகிற கூடுதல் வாரண்டி அப்படியல்ல, அந்தக் கடைக்கே திரும்பப் போக வேண்டியிருக்கலாம்.

ஜிஎஸ்டி பதிவுள்ள வியாபாரி என்றால் பில் போடும் முன்பே உங்கள் எண்ணைக் கொடுத்து, ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான வரி) பில்லாக வருகிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டருக்கு வரி 18 சதவீதம். கேரள மாநில வரியாகப் போட்டுவிட்டால் அதைத் தமிழ்நாட்டில் கழிக்க முடியாமல் போகும். ஆயிரக்கணக்கில் இழப்பு, ஆஃபர் காசு அதிலேயே கரைந்துவிடும்.

எந்த பிராசசர், எவ்வளவு ரேம்?

விளம்பரத்தில் "இன்டெல் பிராசசர்" என்று பெரிய எழுத்தில் போட்டு, எது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். செலரான் ஜே4025 மாதிரி ரெண்டே கோர் (பிராசசருக்குள் வேலை பார்க்கும் மூளை) உள்ளதை 2019இல் விட்டார்கள். இன்றைக்கு அதில் குரோமும் வாட்ஸ்அப்பும் ஒன்றாகத் திறந்தால் திணறி நின்றுவிடும். இன்டெல் என்100 நாலு கோர், பில் போடவும் வீடியோ கால் பேசவும் போதும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். ஐ3-1215யு அல்லது அதற்குப் பிந்தியது என்றால் வீட்டு வேலைக்கு நிம்மதி. அதில் ஆறு கோர்.

ஏஎம்டி பக்கம் ஒரு பொறி இருக்கிறது. ரைசன் 5 7520யு என்ற பெயரில் 5ஐயும் 7000ஐயும் பார்த்துப் பெரிய சில்லு என்று நினைத்துவிடுவோம். உள்ளே நாலு கோர், பழைய ஜென் 2 வடிவமைப்பு. எல்பிடிடிஆர்5 ரேமோடு மட்டுமே அது வேலை செய்யும், அந்த ரேம் போர்டில் சாலிடர் செய்திருப்பதால் பின்னால் கூட்டவே முடியாது. ரைசன் 3 7320யுவும் இதே குடும்பம். இவற்றை வாங்குவதென்றால் முதலிலேயே 16 ஜிபி எடுங்கள், 8 ஜிபி எடுத்துவிட்டுப் பிறகு என்னிடம் வந்தால் கைவிரிப்பேன்.

மற்ற மாடல்களில் ரேம் கூட்ட ரெண்டாவது இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். எஸ்எஸ்டி கண்டிப்பாக வேண்டும். 1 டிபி ஹார்ட் டிஸ்க் மட்டும் போட்டுக் குறைந்த விலைக்கு விற்கும் பழைய சரக்கு இன்னும் சில கடைகளில் கிடக்கிறது, தொடாதீர்கள்.

கடை பில்லிங்குக்கு எடுக்கிறேன். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

யுஎஸ்பி துளைகளை எண்ணுங்கள். பில் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், கைரேகை மெஷின், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பென்டிரைவ்: இதிலேயே ஐந்து ஆகிவிட்டது. கீபோர்டும் மவுஸும் ஒயர் உள்ளவை என்றால் ஏழு. பல ஆல் இன் ஒன்களில் நாலைந்துதான் இருக்கும், அதுவும் முதுகில். எடை மெஷின் பழைய ஒன்பது பின் கேபிளில் ஓடுகிறதென்றால் அதற்கு ஒரு கன்வெர்ட்டரும் வேண்டும். அடாப்டர் வைத்த யுஎஸ்பி ஹப் ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள்.

கன்னியாகுமரி லாட்ஜ்காரர் ஒருவர் ரிசப்ஷனில் ரெண்டு ஆல் இன் ஒன் வைத்திருக்கிறார், வருடக்கணக்காகப் பிரச்சினை இல்லை. ஏசி அறை, லாட்ஜ் முழுக்க ஜெனரேட்டர், ஆன்லைன் யுபிஎஸ் (கரண்ட் போகும்போது ஒரு நொடிகூட இடைவெளி விடாதது). அந்த ஏற்பாடு உங்கள் கடையிலும் இருந்தால் தாராளமாக எடுங்கள்.

ஆச்சிக்கு வெளிநாட்டுப் பேரனோடு பேச வேண்டும். அவ்வளவுதான் தேவை.

ஆல் இன் ஒன்னுக்குப் பொருத்தமான ஆள் அவர்தான். கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் உள்ளேயே இருக்கும், செருக வேண்டிய ஒயர் இல்லை. பேரன் முகம் 24 இஞ்சில் தெரியும், எழுத்தைப் பெரிதாக்கலாம், தடுக்கி விழ ஒயர்க் கூட்டம் கிடையாது. என்100 போதும், 8 ஜிபி போதும். கேமராவுக்கு மூடி உள்ள மாடலாகப் பாருங்கள். "ஆச்சி முகம் தெரியல்லை" என்று எனக்கு வரும் போன்களில் பாதிக்குமேல் அந்த மூடியை நகர்த்தச் சொன்னதும் தீர்ந்திருக்கின்றன, ஆனாலும் மூடி இருப்பது நல்லதே.

டவர் வைக்க இடமில்லை. வேறு வழி இல்லையா?

இருக்கிறது, நான் அதிகம் சிபாரிசு செய்வதும் அதைத்தான். மினி பிசி. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, உள்ளே அதே லேப்டாப் சாமான். மானிட்டரின் முதுகில் நாலு ஸ்குரூ துளை இருக்குமே, அதுதான் வெசா. சின்ன மானிட்டர்களில் 75க்கு 75 அல்லது 100க்கு 100 மில்லிமீட்டர் இடைவெளி. அந்தத் துளையில் மினி பிசியை முடுக்கிவிட்டால் முன்னால் பார்க்கிறவர்களுக்கு ஆல் இன் ஒன் மாதிரியே தெரியும். மானிட்டர் போனால் மானிட்டரை மாற்றலாம், பெட்டி பழசானால் பெட்டியை மட்டும். மானிட்டரில் வெசா துளை இருக்கிறதா என்று மட்டும் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள், எல்லாவற்றிலும் இருப்பதில்லை. கேமராவும் ஸ்பீக்கரும் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு லேப்டாப் இருந்தால் இன்னும் எளிது. 24 இஞ்ச் மானிட்டரும் கீபோர்டும் மட்டும் வாங்கி, லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் செருகுங்கள். கரண்ட் போனால் மானிட்டர் அணையும், லேப்டாப் ஓடும், எழுதியது பத்திரம்.

ஐமேக் எப்படி?

திரை அருமை. 24 இஞ்ச், 4.5கே. 2024இல் வந்த எம்4 மாடல் 16 ஜிபியிலிருந்து ஆரம்பம், இந்தியாவில் அறிமுக விலை 1,34,900 ரூபாய். ரேமைப் பின்னால் கூட்ட முடியாது. பழசானபின் கேபிள் செருகி மானிட்டராகவும் பயன்படுத்த முடியாது, அந்த வசதி 2014 மாடல்களோடு நின்றுவிட்டது. டேலி ஓட்டுகிற கடைக்கு ஒத்துவராது. அந்தக் காசும், அந்தத் திரை தேவைப்படும் வேலையும் இருக்கிறவர்கள் என்னைக் கேட்க வரமாட்டார்கள்.

கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு?

வேண்டாம். குட்டி ஃபேனை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ரெண்டர் செய்தால் சூடேறி பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கிராபிக்ஸ் கார்டு போட இடமில்லை. விலை குறைந்த மாடல்களின் திரை 45 சதவீதம் என்டிஎஸ்சி (திரையின் நிறத்துக்கான அளவுகோல்) அளவுக்குத்தான் நிறம் காட்டும், பட்டுச்சேலையின் சிவப்பு ஆல்பத்தில் வேறாக வரும். டவரில் போடுங்கள்.

டச் ஸ்கிரீன் எடுக்கலாமா?

நிமிர்ந்து நிற்கிற திரையைத் தொட்டுக்கொண்டே அரை மணி நேரம் வேலை பார்த்தால் தோள் வலிக்கும். மெனு பார்த்துத் தட்டுகிற ஹோட்டல் கவுண்டருக்குச் சரி.

கரண்ட் பில் குறையுமா?

குறையும். 50 வாட் ஆல் இன் ஒன்னை நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் ரெண்டு மாதத்துக்கு 24 யூனிட். டவரும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட் என்றால் 48. ரெண்டு மாதத்துக்கு 24 யூனிட் வித்தியாசத்துக்காக மட்டும் ஒன்றை வாங்கி இன்னொன்றை விடுவது தேவையற்றது.

செகண்ட் ஹேண்ட் ஆல் இன் ஒன் மலிவாக வருகிறதே?

கம்பெனிகள் கழித்துவிட்டவை சுத்தமாகத் துடைத்து விற்பனைக்கு வருகின்றன. முதலில் பிராசசரின் தலைமுறையைப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குமேல் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஐ5-6500 என்று எழுதியிருந்தால் ஆறாம் தலைமுறை. குறுக்கு வழியில் 11ஐ ஏற்றிக் காட்டுவார்கள், அப்டேட் வரும்போது சிக்கல். அந்த மெஷினில் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் மின்ட் போட்டு இணையம் மட்டும் பார்க்கிறவர் என்றால் விலையைப் பேசி எடுக்கலாம்.

கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிடுங்கள். முழுத்திரையில் வெள்ளைப் படம் ஒன்று, கறுப்புப் படம் ஒன்று போட்டுக் கோடு, கறை இருக்கிறதா பாருங்கள். முதுகில் சூட்டைத் தொட்டுப் பாருங்கள். எல்லா யுஎஸ்பி துளையிலும் பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். அணைத்துப் போட்டு, பயாஸில் (விண்டோஸ் கிளம்பும் முன் வரும் செட்டிங்) பாஸ்வேர்டு கேட்கிறதா என்றும் பாருங்கள், பழைய ஆபீஸ் மெஷின்களில் அது தொல்லை.

நான் போன வாரமே வாங்கிவிட்டேன், இப்போது இதையெல்லாம் படித்து என்ன செய்ய?

ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மின்னல் காலத்துக்கு முன் எர்த்தும் யுபிஎஸ்ஸும் பார்த்துவிடுங்கள். இந்த வாரமே தினமும் நாலைந்து மணி நேரம் ஓட்டுங்கள், தயாரிப்புக் கோளாறு இருந்தால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே காட்டிவிடும், அப்போது மாற்றிக் கேட்பது எளிது. பில்லைப் போட்டோ எடுத்து உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள், பில் பேப்பரின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி மாதம் ஒருமுறை போட்டோக்களை அதில் நகல் எடுங்கள். எடுத்து முடித்ததும் அந்த ஹார்ட் டிஸ்க்கையும் உருவி, மேசை டிராயரில் வையுங்கள்.